சத்தமில்லாத நூற்று நாற்பது

புதிதாகச் சொகுசுக் கார் எடுத்திருக்கும் கோவை, திருப்பூர், ஈரோட்டு முதலாளிமார்களுக்கும் முதலாளியம்மாக்களுக்கும்,



நான் ஒரு ஆக்டிங் டிரைவர். உங்களில் சிலருடைய போனில் என் எண் ‘ஆக்டிங் பீளமேடு’ என்று பதிவாகியிருக்கும். கல்யாணம், ஏர்போர்ட், திருச்செந்தூர், குருவாயூர் என்றால் கூப்பிடுவீர்கள். கொஞ்ச நாளாக வேறொரு வேலைக்கும் கூப்பிடுகிறீர்கள். “புது வண்டி எடுத்திருக்கேனுங்க. ஊருக்குள்ள நல்லாத்தான் ஓட்டறேன். பைபாஸ்ல ஏறினா என்னமோ பிடிபட மாட்டேங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல வந்து உக்காருங்க.” போன வருஷம் இப்படிப் பதினோரு பேருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சைத்தான் பேசினேன். தொண்டை வறள்வதற்கு எழுதிவிடுவது மேல் என்றுதான் இந்த மடல்.

சாவி கொடுக்கும் நாளில் ஷோரூம் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன். வண்டிமேல் பட்டுத்துணி, அதை இழுக்கக் குடும்பமே வரிசை, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், கேக். அப்புறம் டை கட்டிய தம்பி ஒருவர் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். போனை எப்படிச் சேர்ப்பது, கதவோர விளக்கை எந்த நிறத்துக்கு மாற்றுவது, சீட் முதுகை எப்படிப் பிடித்துவிடும், எல்லாம் வரும். நூறில் போய்க்கொண்டிருக்கும்போது நடுத்தடுப்பு இடைவெளியில் ஒரு டிராக்டர் மூக்கை நீட்டினால் இந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் வராது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவர் சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகிறவர்.

நான் தொழில் கற்றது 1993-ல், ஒரு மில் முதலாளியின் அம்பாசடரில். நான் கையில் எடுக்கும்போதே அதற்கு இருபது வயசு. வேகம் காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்டது. அது தேவைப்படவும் இல்லை. அறுபதில் கியர் ராடு நடுங்கும். எழுபதில் இடது பின்கதவு பேச ஆரம்பிக்கும். எண்பதைத் தொட்டால் உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். அதற்கு மேலே போனால், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் முதலாளி கண்ணைத் திறக்காமலே “மெதுவாப்பா” என்பார். தூங்குகிறவருக்கே வேகம் தெரியும். பாதம், முதுகு, காது, உள்ளங்கை எல்லாம் சேர்ந்து மீட்டர் வேலை பார்த்த காலம்.

இப்போது நீங்கள் வாங்கியிருக்கும் வண்டியில் அந்த மீட்டரைத்தான் கழற்றிவிட்டார்கள். கழற்றுவதற்காகத்தான் அத்தனை லட்சமும். இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி மூன்றடுக்கு ரப்பர், தரைக்கு அடியில் பஞ்சு மெத்தை, சாலையின் மேடுபள்ளத்தை உங்கள் முதுகுக்கு வரவிடாமல் தானே வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன். பி.எம்.டபிள்யூ. 2007-லிருந்து நம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்திலேயே பூட்டப்படுகிறது என்றாலும், இந்த ரக வண்டிகளின் குணம் தீர்மானமானது ஜெர்மனியில். அங்கே ஆட்டோபான் சாலையில் பல பகுதிகளுக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது. 130-க்குள் போவது நல்லது என்று அரசாங்கம் ஒரு யோசனை சொல்வதோடு சரி. 200-ல் போனாலும் பின்சீட்டுக் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டிக்கு, நம் நூறு என்பது வாக்கிங் போகிற மாதிரி. அந்த வேகத்தில் உங்களிடம் சொல்ல அதற்கு ஒன்றுமே இல்லை.

பதினோரு பேரில் ஒருவர் திருப்பூர்க்காரர், பனியன் ஏற்றுமதி. பதினைந்து வருஷம் தானே வண்டி ஓட்டுகிறவர், கை சுத்தம். பெருமாநல்லூர் தாண்டியதும், “அண்ணா, மீட்டரைப் பாக்காமச் சொல்லுங்க, எவ்வளவுல போறோம்?” என்றேன். “எண்பது, எண்பத்தஞ்சு இருக்கும்” என்றார். 132. அவருக்கு முகம் மாறிவிட்டது. படக்கென்று காலை எடுத்தார், வண்டி அசைந்து கொடுக்கவில்லை. அதற்குள் விஜயமங்கலம் சுங்கச்சாவடி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அழுத்திப் பிடித்தார், நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த தேங்காய் லோடு லாரியும் எப்படியோ நின்றது. அந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான எல்லாக் கார்களிலும் எண்பதைத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் மணி அடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் வண்டியிலும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பாட்டோடு பாட்டாகக் கலந்துவிட்டது. வண்டிக்குள் வேகத்தைச் சொல்ல மிச்சமிருக்கும் ஒரே சத்தம் அது. புது வண்டி எடுத்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அந்த டிங் டிங்கை நிறுத்த வழி இருக்குதுங்களா?”

வேகம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 100-ல் போகும் வண்டி வினாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது, 140-ல் 39 மீட்டர். டிராக்டர் மூக்கைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வையுங்கள். காய்ந்த சாலை, நல்ல டயர், உங்கள் வண்டியின் அருமையான பிரேக் எல்லாம் சேர்ந்தும் 100-லிருந்து நிற்க ஏறக்குறைய 85 மீட்டர் ஆகும். 140-லிருந்து 140 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. இதுவரைக்கும் எல்லோருக்கும் புரியும். இனிமேல் சொல்வதைத்தான் பலர் நம்புவதில்லை. 100-ல் வந்தவர் பிரேக் போட்டு முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை, 140-ல் வந்தவர், அதே நொடியில் டிராக்டரைப் பார்த்தவர், 115-ல் கடப்பார். காலேஜில் படிக்கும் என் மகன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். மூன்று தடவை போடச் சொன்னேன்.

நீலாம்பூரிலிருந்து சேலம் 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறுக்குப் பதில் நூற்றிருபதில் போய் நீங்கள் மிச்சம் பிடிப்பது கால் மணி நேரம். அதுவும் வழியில் ஒரு சிக்னலும் ஒரு பேரிகேடும் இல்லாதிருந்தால்.

ஆக, முதல் மாதம் நீங்கள் பழக வேண்டியது வண்டியின் சக்தியை இல்லீங்க. அது தானாகப் பழகிவிடும், கொஞ்சம் அதிகமாகவே. அது உங்களிடமிருந்து ஒளித்து வைத்திருக்கும் வேகத்தைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். நான் செய்யச் சொல்வது சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைபாஸ் ஏறி, பாட்டை நிறுத்தி, ஏசியை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிடுங்கள். எண்பதில் காற்று என்ன சொல்கிறது, நூறில் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு அதே வேகத்தில் போங்கள். சாலையோரத் தென்னைகள், மைல்கல், நடுத்தடுப்பில் அரளிச் செடி எவ்வளவு விரைவில் பின்னால் போகிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்க்காமல் வேகத்தைச் சொல்லி, அப்புறம் பார்த்துச் சரிபாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் பந்தயம் கட்டுவார்கள், நல்லதுதான். இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் கணிப்பு பத்துக்குள் வந்துவிடும்.

உயரமான எஸ்.யூ.வி. எடுத்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சாலை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். உயரத்தில் உட்கார்ந்தால் அதே வேகம் மெதுவாகத் தெரியும். பஸ்சின் முன்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, விபத்துப் பகுதிக்கு முன்னால் வரிவரியாக வெள்ளைப் பட்டை போட்டிருப்பார்கள். டயர் அதன்மேல் தடதடத்து உங்களை எழுப்புவதற்காகப் போட்டது அது. உங்கள் சஸ்பென்ஷன் அதை அப்படியே முழுங்கிவிடுகிறது. நெடுஞ்சாலைத் துறை சொல்லியனுப்பும் சேதியை வண்டி உங்களிடம் சேர்ப்பதில்லை.

திருப்பூர்க்காரர் காலை எடுத்தும் வண்டி குறையவில்லை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் பிடித்து இழுக்கும். பாதி பிரேக்கிங் அதிலேயே நடக்கும், அது நம் காலுக்குள் ஊறிய பழக்கம். இப்போது வரும் பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ‘எக்கோ’ போட்டிருந்தால், காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா மிதக்க விடும். டீசலுக்கு நல்லது. காலுக்கு ஏமாற்றம். முதல் மாதம் ‘கம்ஃபர்ட்’டிலேயே ஓட்டுங்கள்.

தொப்பூர்க் கணவாயில் இது விளையாட்டில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி பிரேக் காய்ந்துபோன லாரிகள் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். விலை உயர்ந்த காரில் மிதந்து இறங்குவதும் ஏறக்குறைய அதே காரியம்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடது பக்கம் மைனஸ் போட்ட ஒரு இலை மாதிரி பட்டை இருக்கும். பெரும்பாலானவர்கள் அதை ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கானது என்று நினைத்துத் தொடுவதே இல்லை. சரிவுக்கு முன்னாலேயே அதை இரண்டு தடவை தட்டுங்கள், கியர் இறங்கி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டைக்கு நம் ஊரில் இருக்கும் உருப்படியான ஒரே வேலை அதுதான்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டதும் பிடிக்கும். பழைய வண்டிக்குக் கொடுத்த அழுத்தத்தைக் கொடுத்தால் பின்சீட்டு மாமியார் முன்சீட்டுக்கு வந்துவிடுவார். புதுப் பேட் பதிய முதல் ஐந்நூறு கிலோமீட்டர், புது டயரின் மேல் வழுவழுப்பு தேய முந்நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போகச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பிரித்த ஒரு முதலாளியை நான் இதுவரை பார்க்கவில்லை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் நெடுஞ்சாலையில் இந்த வண்டிகளின் பாதிக் குணம் டயரில் இருக்கிறது. உங்கள் டயரில் 245/45 என்று எழுதியிருந்தால், அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 11 சென்டிமீட்டர். பொலேரோவின் 215/75 டயருக்கு அது 16. அகலமாகவும் பக்கச் சுவர் குட்டையாகவும் இருக்கும் டயர் வளைவில் பசைபோல் ஒட்டும். பதிலுக்கு இரண்டு விஷயத்தைக் கேட்கும்.

ஒன்று, லாரித் தடம். இடது லேனில் லோடு லாரிகள் போய்ப் போய்த் தார் அமுங்கி இரண்டு வாய்க்கால் மாதிரி விழுந்திருக்கும். ஒடுங்கின டயர் அதற்குள் சாதுவாகப் போகும். அகல டயர் வாய்க்காலின் கரையில் ஏறி இறங்கும், அதனால் ஸ்டியரிங் தானாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையும். “வண்டி பாம்பு மாதிரி நெளியுதுங்க” என்று போன் வரும். ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு கையாலும் லேசாகப் பிடித்திருங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் பதில் அசைவு கொடுக்கப் போனால்தான் உண்மையில் நெளியும். இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். பால் குடம் பிடிக்கிற மாதிரி.

இரண்டாவது, காற்று. கோவையில் ஒரு டாக்டர் அம்மாவின் வண்டி இடது பக்கமாக இழுத்தது. சர்வீஸ் சென்டர் மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்து, மூன்று தடவை பில் போட்டு, மூன்று தடவையும் “எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்று அனுப்பினார்கள். நான் போய்க் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்த்தேன். இடது முன் டயரில் ஆறு பாயிண்ட் குறைவு. யாரோ பங்க் பையன், அறுபது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் அதிகமாகக் காட்டியதைப் பார்த்துக் காற்றை இறக்கியிருக்கிறான். ஓடின டயரில் மூன்று நாலு பாயிண்ட் கூடக் காட்டும், அதை இறக்கக் கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு, முழுக் குடும்பமும் லக்கேஜும் ஏறினால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். “எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு விடுப்பா” என்பது இந்த வண்டிகளிடம் செல்லாது. அதையெல்லாம் சரிசெய்த பிறகும் துளி இடது பக்கம் சாய்ந்தால் விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் வடிய நம் சாலைகளே இடது பக்கம் சாய்த்துத்தான் போடப்பட்டிருக்கின்றன.

பல வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது என்பதை நடுவழியில் தெரிந்துகொள்ளாதீர்கள், இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள். பஞ்சரானாலும் ஓடும் டயர் என்றால் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், எண்பது கிலோமீட்டர் தூரம்வரை போகலாம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பள்ளத்தில் இறங்கிப் பக்கச் சுவரில் கொப்புளம் வந்துவிட்டால் அந்தக் கணக்கும் போச்சு. சாலையில் பள்ளம் தெரிந்தால், கடைசி நொடிவரை பிரேக்கை அழுத்திக்கொண்டே அதில் இறங்காதீர்கள். முன்னாலேயே குறைத்து, பள்ளம் வரும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். அழுத்திய வண்டி மூக்கைக் குத்தி இறங்கும், ரிம்மில் நேரே வாங்கும்.

ஆடி மாதத்துக் காற்றை நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருவது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்று பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்துவிடும். நாகர்கோவில் போகும்போது ஆரல்வாய்மொழியில் இன்னும் ஒரு பங்கு கூட. தள்ளுவதுகூடப் பரவாயில்லை. ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது பஸ் காற்றை மறைக்கும், நீங்கள் அறியாமலே ஸ்டியரிங்கைத் தளர்த்தியிருப்பீர்கள். பஸ்ஸைத் தாண்டி வெளியே வந்ததும் மொத்தக் காற்றும் ஒரே அறையாக விழும். உயரமான வண்டிக்கு அறை பலமாக விழும். ஆடியில் அந்தச் சாலைகளில் நான் தொண்ணூறு தாண்டுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரே விஷயம். சாலை வலது பக்கம் வளையும் இடங்களில் தண்ணீர் நடுத்தடுப்பை ஒட்டித் தேங்கும், நீங்கள் வேகமாகப் போகும் லேன் அதுதான். அகல டயர் தண்ணீர்மேல் சீக்கிரம் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய்போல் இலேசானால், மிதக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், காலை மட்டும் எடுத்துக் காத்திருங்கள். இரண்டு வினாடிதான், ஆனால் நீளமான இரண்டு வினாடி.

எலக்ட்ரானிக் சமாச்சாரங்கள் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். முதலில் சின்ன விஷயம்: மாருதியிலும் இன்னோவாவிலும் இண்டிகேட்டர் வலது கைக்கு. ஐரோப்பிய வண்டியில் இடது கைக்கு. முதல் வாரம் லேன் மாறும்போதெல்லாம் வெயிலில் வைப்பர் ஆடும், பின்னால் வருகிறவன் சிரிப்பான். சில வண்டிகளில் அந்த வலது பக்கத் தண்டுதான் கியரே. நூறில் போகும்போது பழக்க தோஷத்தில் தட்டி நியூட்ரலுக்குப் போன ஒரு முதலாளியோடு நான் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் உறுமியது, வண்டி இழுக்கவில்லை, அவர் “எஞ்சின் போச்சு” என்றே நினைத்துவிட்டார். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் இடது கையைப் பழக்குங்கள்.

லேனைப் பிடிக்கும் உதவி, ஸ்டியரிங்கோடு சண்டை போடுகிறது என்பது அடுத்த புகார். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால், நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து வண்டி திருப்பி இழுக்கும். இண்டிகேட்டர் போட்டால் சும்மா இருக்கும். முப்பது வருஷமாகப் போலீசும் ஆர்.டி.ஓ.வும் சொல்லிக் கேட்காததை ஒரு மோட்டார் சொல்லித் தருகிறது, அதை அணைத்துவிடாதீர்கள். இடைவெளி பார்த்துத் தானே போகும் க்ரூஸை நம் சாலையில் நான் நம்புவதில்லை. நீங்கள் விடும் இடைவெளியில் ஒருவர் புகுவார், வண்டி பிரேக் போடும், பின்னால் இருப்பவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். தானாக டிம் ஆகும் ஹெட்லைட்டும் அப்படியே. எதிரே கார் வந்தால் குறையும். விளக்கே இல்லாத சைக்கிளையும் ரோட்டைக் கடக்க நிற்கும் ஆளையும் அதற்குத் தெரியாது. கண்கூசி அவர் எந்தப் பக்கம் அடி வைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டி வேகத்தை உங்களிடமிருந்து மட்டும் மறைப்பதில்லை. சித்தோட்டுக்கும் பவானிக்கும் நடுவில் டி.வி.எஸ். 50-ல் இரண்டு வாழைத்தார் கட்டிக்கொண்டு சாலையைக் கடக்க நிற்கும் பெரியவரிடமிருந்தும் மறைக்கிறது. அவர் ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டி பார்க்கிறவர். அத்தனை தூரத்தில் ஒரு கார் தெரிந்தால், தான் கடக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு லாரியையும் பஸ்ஸையும் வாடகைக் காரையும் வைத்து வாழ்நாள் முழுக்கப் போட்டது. உறுமாமல், ஆடாமல், வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிற உங்களை எண்பது என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்களும் எண்பது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்வீர்கள், விலை அவருக்கு. நடுத்தடுப்பு இடைவெளி தெரிந்தால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கால் பிரேக்குக்குமேல் போய் நிற்க வேண்டும். அழுத்த வேண்டாம், நின்றால் போதும். அந்த ஒன்றரை வினாடியில் கொஞ்சம் மிச்சமாகும்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பதினோரு பேரில் சீக்கிரம் பழகியவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தும் ஒரு அம்மா. மூட்டை ஏற்றிய மினி லாரியைத் தானே ஓட்டிப் பழகியவர். முதல் நாளே பெருந்துறை தாண்டும்போது, “இது என்கிட்ட எதையோ மறைக்குதுங்க, நான் மெதுவாவே போறேன்” என்றார். எனக்கு அங்கே வேலையே இல்லை. சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி, மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம், சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் மோதிய உயர்ரகக் காரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரி இறந்துபோனார். பாலத்துக்கு முன்னால் மூன்று லேன் சாலை இரண்டாகக் குறுகும் இடம் அது. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை, இருவரும் போய்விட்டார்கள். இந்த ரக வண்டிகளில் பின்சீட்டுதான் முதலாளி சீட், அதனால்தான் சொல்கிறேன். நான் ஓட்டினால், பின்னால் பெல்ட் பூட்டும் ‘க்ளிக்’ கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை. இரண்டு முதலாளிகள் இதற்காகவே என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாக, எங்கள் ஆட்களுக்காக ஒரு வேண்டுகோள். ஆக்டிங் டிரைவர் ஒருவர் காலையில் ஒரு வண்டி, மத்தியானம் வேறு வண்டி ஓட்டுகிறவர். சாவியைக் கையில் கொடுத்ததும் “கிளம்புப்பா, டைம் ஆச்சு” என்று சொல்லாமல், சீட்டையும் கண்ணாடியையும் சரிசெய்யவும், கியரும் இண்டிகேட்டரும் எங்கே என்று பார்க்கவும் பத்து நிமிஷம் கொடுங்கள். பைபாஸ் ஏறிய பிறகு, “இவ்வளவு பெரிய வண்டிய எண்பதுல ஓட்டறயே” என்று பின்னால் இருந்து கேட்காதீர்கள். கேட்டால் ஏறிவிடுவோம். சம்பளம் கொடுக்கிறவர் சொல்லிவிட்டார் என்று நூற்று நாற்பதுக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

புது வண்டி எடுத்தவர்கள் யாராவது வருவதாக இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நீலாம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிறேன். பாட்டும் ஏசியும் கிடையாது, கண்ணாடியை நாலு விரல் இறக்கித்தான் வர வேண்டும். டிபன் விஜயமங்கலம் தாண்டி.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து சீட்டு டிரைவர்,
பீளமேடு, கோவை.